ஹந்தானை மலையில் வெள்ளைச் சேலை

பிற்பகல் ஒன்று இருபதுக்கு நான் ஒரு வரியை வெட்டினேன். எல்லாம் பிழையாகிப்போனது அந்த நிமிடத்தில்தான்.

"அறைக்குத் திரும்பி உடை மாற்றல், நாற்பது நிமிடம்" என்பது அந்த வரி. கண்டிப் பயணத்துக்கென்று நான் போட்ட நேர அட்டவணையில் இருந்தது. நான் கணித ஆசிரியை. மூன்று பேர் ஊர் சுற்றுவதற்கும் பாடவேளை பிரித்து, கோடு போட்டு, ஆளுக்கொரு பிரதி கொடுத்திருந்தேன். (என்னுடையது பிளாஸ்டிக் உறையில் இருந்தது. மழையில் அட்டவணை நனையவில்லை. நான்தான் நனைந்தேன்.)

அந்த அட்டவணை உண்மையில் ஒரு சமாதான ஒப்பந்தம். என் கணவருக்குப் புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகையும் கண்டிய நடனமும் வேண்டும். மகள் நிவேதாவுக்குப் பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சை முடித்த கையோடு, "மலை ஏறலன்னா நான் வீட்டுலயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே காலையில் மாளிகை, மதியம் ஹந்தானை மலை, மாலை ஐந்துக்கு நடனம். வழிகாட்டி வேண்டாமென்றேன். கண்டி நான் பிறந்த ஊர். (பன்னிரண்டு வயதில் கொழும்புக்குப் போய்விட்டேன். அதுவரை ஹந்தானையைக் கீழே நின்றுதான் பார்த்திருக்கிறேன். இதை அன்று யாரிடமும் சொல்லவில்லை.)

மாளிகையில் பூத்தட்டு வரிசை நீண்டுவிட்டது. சாப்பாட்டுக் கடையில் சோறும் தாமதம். அங்கே உட்கார்ந்துதான் அந்த வரியை வெட்டினேன்.

மாளிகைக்குப் போகிறவர்கள் வெள்ளை உடுத்துவது வழக்கம் என்பதால் மூவரும் தலையிலிருந்து கால்வரை வெள்ளை. நான் புதுச்சேலை.

"இஞ்சரும், இந்த வெள்ளையோடயோ மலைக்கு?" என்றார் கணவர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மறுப்பைக்கூடக் கேள்வியாகத்தான் கேட்பார்.

"மாத்தப் போனா நடனம் போயிரும்."

"ஓம், நீர் சொன்னாச் சரி." இருபது வருடமாக இந்த வசனத்துக்கு ஒரே பொருள்தான்: பிறகு என்னைக் குறை சொல்லாதே.

முச்சக்கர வண்டியில் நிவேதா தொலைபேசியிலேயே கண்ணாக இருந்தாள். "இயற்கையைப் பாரு" என்று அதைப் பிடுங்கி என் கைப்பையில் போட்டேன். நல்ல தாய் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

தேயிலைக்கு நடுவே பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் கணவர் முழங்காலைக் காரணம் காட்டி ஒரு கடையில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் ஏறினோம். அவளுக்குச் சப்பாத்து. எனக்கு மாளிகையில் கழற்றி மாட்ட வசதியான செருப்பு.

"மெதுவா வாங்கம்மா. நான் அந்தத் திருப்பத்துல நிக்கிறேன்" என்று முன்னே போனாள். அடுத்த பத்து நிமிடத்தில் பனிமூட்டம் வந்து மலையை மூடியது. தூறலும் சேர்ந்தது. நான் திருப்பத்துக்குப் போனபோது அவள் இல்லை.

"நிவேதா!"

பதில் இல்லை. தொலைபேசியில் அழைத்தேன். என் கைப்பைக்குள் மணி அடித்தது.

அதற்குப் பிறகு நான் படித்தவள் போல நடந்துகொள்ளவில்லை. கீழே கடையில் இருந்த கணவரை அழைக்கக்கூடத் தோன்றவில்லை. இரண்டு தொலைபேசிகளிலும் விளக்கைப் போட்டுக் கைக்கொன்றாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாதையை விட்டு, மானாப் புல்லுக்குள் ஓடினேன். கொண்டை அவிழ்ந்து ஈரக்கூந்தல் முகத்தில் ஒட்டியது. ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. கணுக்காலில் அட்டை ஏறியதை உணர்ந்து அலறினேன். அந்த அலறலின் முடிவிலும் அவள் பெயர்தான் வந்தது.

அப்போதுதான் பனிக்குள் இரண்டு பெண்கள் தெரிந்தார்கள். தலையில் கொழுந்து மூட்டை. உயிர் திரும்பியது எனக்கு.

"நில்லுங்க! நில்லுங்க!" என்று கைகளை விரித்துக்கொண்டு இறங்கினேன்.

அவர்கள் என்னை ஒரு கணம் பார்த்தார்கள். மூட்டைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மலையில் இருந்த மனிதர்கள் அந்த இருவர்தான், விட மனமில்லாமல் நானும் துரத்தினேன். நான் வேகத்தைக் கூட்டக் கூட்ட அவர்களும் கூட்டினார்கள். (இருபது வருடமாகத் தூரம், வேகம், நேரம் கற்பிக்கிறேன். அன்று விடை எனக்குச் சாதகமாக வரவில்லை.)

அவர்கள் மறைந்ததும் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். சிரிப்பதற்கு அங்கே எதுவும் இருக்கவில்லை. இந்தச் சரிவில் அவள் வழுக்கியிருந்தால்? கால் முறிந்து கிடந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால்? கூப்பிட வேண்டிய கருவி என் மடியில் கிடந்தது. அதன் திரையில் அவளுடைய படம். இப்போதெல்லாம் அவள் கடைக்குப் போனாலும், தொலைபேசி கையில் இருக்கிறதா என்று மூன்று தடவை கேட்கிறேன். எங்கள் வீட்டில் யாரும் எனக்கு வெள்ளையில் சேலை எடுப்பதுமில்லை.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. கீழே பேச்சுச் சத்தம் கேட்டது.

"இந்தப் பக்கந்தான் பாப்பா. ரெண்டு கையிலயும் நெருப்பு, தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு..."

"கண்ணாடி போட்டிருந்துச்சா?"

"அதையெல்லாம் யாரு பாத்தா? போகாத பாப்பா, அது பேரு சொல்லித்தான் கூப்பிடும்."

"அது என் பேருதான். அது எங்கம்மா."

பனியிலிருந்து நிவேதா வந்தாள். ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"எங்கம்மா போனீங்க? அந்தத் திருப்பத்துலயே எவ்வளவு நேரம் நின்னேன் தெரியுமா? நீங்க வேற பாதையில ஏறிட்டீங்க. தோட்டத்து ஆளுங்க இருக்கிற லயத்துக்குப் போய் யாரையாவது கூட்டிட்டு வரலாம்னு இறங்கினா, இவங்க பேய் துரத்துதுன்னு ஓடி வாறாங்க. சொல்லிட்டுப் போக மாட்டீங்களா? பயந்தே போயிட்டேன்."

நான் அவளிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அவளே சொல்லிவிட்டாள். "சரி மகள், இனிமே சொல்லிட்டுப் போறேன்" என்றேன்.

அவளுக்குப் பின்னால் அந்த இரண்டு பெண்களும் பத்தடி தள்ளியே நின்றார்கள். மூத்தவர் கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி.

"கோவிச்சுக்காதீங்கம்மா. சேலைய மட்டும் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க."

சேறு சொட்டும் கரையைக் கணுக்கால்வரை தூக்கினேன். அவர் குனிந்து, ஒரு காலையும் மறு காலையும் நிதானமாகப் பார்த்தார். கத்தியைத் தாழ்த்தினார்.

"காலு இருக்குதுடி" என்றார் மற்றவரிடம். பிறகு என் மகளைப் பார்த்து, "அம்மாவ கூட்டிக்கிட்டு வா பாப்பா. தேத்தண்ணி குடிக்கட்டும்."