தளபதியின் தேய்ந்த முதுகு

புதுப் பொருளைக் கண்டால் கோபம் வருகிற ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் துரு அண்ணன்தான். அடையாள அட்டையில் அவருக்கு ஒழுங்கான பெயர் ஒன்று இருக்கிறது. அதை நாங்களும் மறந்துவிட்டோம், அவரும் மறந்துவிட்டார். கொட்டகலைப் பக்கம் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் பெயின்டர் வேலை. பகலெல்லாம் பழையதைப் புதிதாக்குவார். வேலை விட்டு வந்ததும் அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகப் புதியதைப் பழையதாக்குவார்.

நான் ஹட்டனில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். மோட்டார் சைக்கிள் வாங்கிய கையோடு புது ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவர் குடியிருக்கும் லயத்து வீட்டுக்குப் போனேன். ஹெல்மெட்டை வாசலில் வைத்துவிட்டு, அவர் மனைவி கொடுத்த தேத்தண்ணியை உள்ளே உட்கார்ந்து குடித்தேன். செய்த தப்பு அவ்வளவுதான். வெளியே வந்தால் ஹெல்மெட் மூன்று விபத்துகளில் உருண்ட கோலத்தில் இருக்கிறது. பக்கத்தில் உப்புத்தாளும் கையுமாகத் துரு அண்ணன்.

“என்னண்ணே பண்ணி வச்சிருக்கீங்க?”

“இப்பதான்டா மனுசன் போடுற சாமான் மாதிரி இருக்கு. முன்னாடி கடையில தொங்குற சட்டி மாதிரி இருந்திச்சு.”

மறுநாள் ஹட்டனில் ஒரு பொலிஸ்காரர் என்னை மறித்தார். லைசன்ஸ் கேட்கவில்லை. ஹெல்மெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போனாயா என்று சிங்களத்தில் அக்கறையாகக் கேட்டார். இல்லை என்றதும் திட்டி அனுப்பினார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் எங்கள் நாடக மன்றத்தின் கவசங்கள் எல்லாம் இருந்தன. ஹட்டனில் நடக்கும் நாடகப் போட்டிக்கு வருஷா வருஷம் போவோம். அவருக்கு உயிரே அந்தக் கவசங்கள்தான். போன வருஷம் மன்றத் தலைவர் ஒன்லைனில் ஆறு பிளாஸ்டிக் கவசங்கள் வரவழைத்தார். எல்லாம் தங்க நிறம். பெட்டியைத் திறந்ததும் நகைக்கடை மாதிரி மின்னின. தலைவர் பூரித்துப்போனார். துரு அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“சண்டைக்குப் போறவனா, கல்யாணத்துக்குப் போறவனா?”

“கை வைக்காத துரு. சொல்லிப்புட்டேன்.”

“கை வைக்காம மேடை ஏத்துனா நான் நாடக ஹோல் பக்கமே வரமாட்டேன்.”

அரை மணி நேரம் கத்திவிட்டுத் தலைவர் இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு. “இந்தத் தடவை உடுப்புக்குப் பரிசு வரலைன்னா, அடுத்த வருசம் நீ பிரஷைத் தொடக்கூடாது. கொழும்புல இருந்து வாடகைக்கு எடுத்துருவேன்.”

“சரிங்க” என்று சொல்லிவிட்டு ஆறையும் தூக்கிக்கொண்டு போனார்.

முதலில் உப்புத்தாள் போட்டு அந்த மினுக்கத்தைக் கொன்றார். பிறகு கறுப்பு பெயின்ட். அது காய்ந்ததும் பிரஷில் வெள்ளிப் பெயின்டைத் தொட்டு, துணியில் முக்கால்வாசியைத் துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் இழுத்தார். பொருத்துகளில் தேயிலைத் தூளைப் பசையோடு குழைத்து அப்பினார். மேலே கொஞ்சம் காவி நிறம் பூசினால் அசல் துரு. தொட்டுப் பார்த்த தலைவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அதைவிட வேடிக்கை அவர் நடத்திய விசாரணை. மூன்றாவது சிப்பாயாக நடித்த என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“எத்தன சண்டைக்குப் போயிருக்க?”

“நான் பேங்க்ல வேலை செய்றேங்கண்ணே.”

“அப்ப உனக்குப் பின்னாடிதான் தேய்மானம். உக்காந்தே தேஞ்ச சிப்பாய் நீ.”

தளபதியாக நடித்தவர் மேகலா அக்கா. பதினெட்டு வருஷமாகக் கொழுந்து பறிக்கிறார். அவரிடம் மட்டும் துரு அண்ணன் ஒன்றுமே கேட்கவில்லை. ஒருநாள் லீவு போட்டு மலைக்குப் போய், அவர் கூடை சுமந்து நடப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். கவசத்தின் முதுகில் கூடை உரசும் இடத்தையும், தலைக்கவசத்தில் கூடைக் கயிறு அழுத்தும் இடத்தையும் வெளுக்கத் தேய்த்தார். நெஞ்சுப் பக்கம் நாலு கீறலோடு சரி. பத்து நாள் ஒத்திகை பார்த்தோம். தோட்டமே வந்து பார்த்து அச்சு அசல் என்றது. அதில் ஒரு பிழை இருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

போட்டியில் நாடகம் அமோகமாகப் போனது. முடிந்ததும் எங்களை மேடையிலேயே நிற்க வைத்து, கொழும்பிலிருந்து வந்த நடுவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“கவச வேலைப்பாடு அருமை. ஆனால் அடிப்படையே தவறு. வீரன் என்றால் நெஞ்சில் அடிபட வேண்டும். இந்தத் தளபதிக்கு முதுகல்லவா தேய்ந்திருக்கிறது? புறமுதுகு காட்டி ஓடியே பழக்கப்பட்டவரோ?”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. தலைவர் தலையில் கை வைத்தார். கடைசி வரிசையில் துரு அண்ணன் எழுந்து நின்றார். நடுவர் பேசும்போது யாரும் வாய் திறக்கக்கூடாது என்பது போட்டி விதி.

“ஐயா, இந்தத் தளபதி மூணு நாள் மலையேறிப் போய்ச் சண்டை போட்டதாக் கதையில வருது. சோத்து மூட்டைய யாருங்க தூக்குனது?”

நடுவர் கையிலிருந்த கதைச் சுருக்கத்தைப் புரட்டினார்.

“எங்க பக்கம் முதுகு தேஞ்சிருந்தா ஓடுனாங்கன்னு அர்த்தமில்லீங்க, சுமந்தாங்கன்னு அர்த்தம். நம்பலைன்னா இங்க உக்காந்திருக்க எந்தப் பொம்பளைய வேணும்னாலும் கேளுங்க.”

ஏற்பாட்டாளர் ஒருவர் ஓடிவந்து துரு அண்ணன் காதைக் கடித்தார். ஒரு மன்னிப்புச் சொன்னால் போதும், புள்ளி குறையாது என்றார். தலைவர் தூரத்திலிருந்தே கும்பிட்டார்.

“மாட்டேங்க” என்றார் துரு அண்ணன், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. “புள்ளிய வெட்டிக்கச் சொல்லுங்க.”

அப்போது மேகலா அக்கா ஒரு காரியம் செய்தார். கவசத்தோடு அப்படியே திரும்பி, நடுவருக்கு முதுகைக் காட்டியபடி நிமிர்ந்து நின்றார். மூன்றாவது சிப்பாய்க்கு என்ன வீரம் வந்ததோ, நானும் திரும்பினேன். முதலில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கைதட்டல் வந்தது. அப்புறம் அது நிற்கவில்லை.

உடுப்புப் பரிசு எங்களுக்கு வரவில்லை. தலைவரும் சொன்ன சொல் தவறவில்லை. இந்த வருஷம் வாடகைக் கவசங்கள் பளபளவென்று வந்து இறங்கின. துரு அண்ணன் ஒத்திகைக்கு வந்து, ஓர் ஓரமாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் அப்படிக் கையைக் கட்டி உட்கார்ந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை.

மேகலா அக்கா புதுக் கவசத்தை மாட்டினார். தோளைக் குலுக்கிப் பார்த்தார். கழற்றித் தலைவர் கையில் கொடுத்தார்.

“இதுல என் முதுகைக் காணோங்க. எங்க அண்ணன் செஞ்சதைக் கொண்டாங்க. இல்லைன்னா வேற தளபதியப் பாத்துக்குங்க.”

மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழற்றினோம். தலைவர் எங்களை எல்லாம் முறைத்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே பழைய பெட்டியை எடுக்க ஸ்டோர் பக்கம் நடந்தார்.

துரு அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போனதும், “தின்னர் வாடைடா, கண்ணு எரியுது” என்றார்.

அன்றைக்கு அங்கே ஒரு பெயின்ட் டின்கூடத் திறக்கவில்லை. “ஆமாண்ணே, எனக்கும் எரியுது” என்று சொல்லிவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.