வீட்டைப் பழசாக்கும் வேலை

"என்னய்யா இது, ஏழை வீடா, நகைக்கடையா?" என்றார் டைரக்டர்.

வாசலூர்பட்டிக்கு மேலே, மிளகுத் தோட்டத்து ஓரத்தில், பிளைவுட்டிலும் தெர்மாகோலிலும் எழுப்பிய மண் வீடு பளபளவென்று நின்றது. அதைக் கட்டிய மணிவண்ணன் பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"காலையில ஷூட்டிங். ஹீரோவோட அப்பன் கூலிக்காரன்யா, சோத்துக்கு வழியில்லாதவன். இந்த வீட்டைப் பாத்தா அவனுக்குப் பொண்ணு குடுக்கலாம் போல இருக்கு!"

டைரக்டர் காரில் ஏறி ரிசார்ட்டுக்குப் போய்விட்டார். ஆர்ட் டைரக்டர் சதீஷ்குமார் மணிவண்ணனைத் தனியே கூப்பிட்டார்.

"மணி, வீடு ஓகே ஆச்சுன்னா டைட்டில்ல உன் பேரு. இல்லேன்னா இனிமே என்கிட்ட வந்து நிக்காத."

மணிவண்ணனுக்கு வேண்டியது அது ஒன்றுதான். டைட்டிலில் 'உதவி ஆர்ட் டைரக்டர்' என்று ஒருமுறை பேர் வந்தால்தான் சங்கத்தில் கார்டு. கார்டு இல்லாதவன் சாகிறவரை பெயிண்ட் டப்பா தூக்க வேண்டியதுதான். முன்பு ஒரு செட்டில் சாரத்திலிருந்து விழுந்து முட்டி பெயர்ந்தபோது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன கம்பெனி ஆள், "யாருன்னு தெரியலீங்க, ரோட்டோரமாக் கெடந்தாரு" என்று சொல்லித்தான் அவனைச் சேர்த்தான்.

"டீத்தண்ணி அடிச்சா மண் கலரு வந்துரும்ணே," என்றான் தச்சு வேலை பார்க்கும் ராசு.

டீத்தூள் கேட்டதற்குக் கம்பெனி மேனேஜர் தரவில்லை. யூனிட் குடித்து மிச்சம் வைத்த டீயைக் கேனோடு அனுப்பினார். ஸ்பிரேயரில் ஊற்றி அடித்தார்கள். வீடு நன்றாகவே பழசானது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் சுவர் முழுக்க ஊர்ந்துகொண்டிருந்தது.

"அண்ணே, அது சக்கரை போட்ட டீண்ணே."

எறும்பு, ஈ, போதாததற்கு மலைத் தேனீ.

"விடுண்ணே. ஈ மொய்ச்சாத்தானே ஏழை வீடு?"

"ஹீரோயினைக் கொட்டிச்சுன்னு வையி, நம்மளைத் தூக்கி இங்கயே பொதைச்சுருவாங்க."

பச்சைத் தழையைக் கொளுத்திப் புகை போட்டார்கள். தேனீ போனது. கூடவே தெர்மாகோலும் போனது. வடக்குச் சுவரில் எருமை நுழைகிற அளவுக்கு ஓட்டை.

மறைக்கப் பழைய தகரம் வேண்டும். அத்தனை கொண்டை ஊசி வளைவையும் இறங்கிப் போய்த் தகரம் தேடி வர நேரமில்லை. சரிவில் இருந்த கொட்டகையை மணிவண்ணன் பார்த்தான். செட் வேலை ஆட்கள் படுப்பதற்கு மேனேஜர் தோட்டக்காரரிடம் கேட்டு வாங்கியது. கூரையெல்லாம் துரு, தட்டியெல்லாம் மக்கல். "இயற்கையோட சேந்து இருங்கப்பா" என்று சொல்லித்தான் மேனேஜர் அதைக் காட்டினார். மழை வந்தால் உள்ளே இருப்பவர்கள் உட்கார்ந்தபடியே தூங்குவார்கள்.

"ஒரே ஒரு தகரம் எடுப்போம்டா."

அந்தத் தகரத்தை அடித்ததும் பக்கத்துச் சுவர் கல்யாண மண்டபம் மாதிரித் தெரிந்தது. இன்னொரு தகரம் வந்தது. தகரத்துக்குப் பிளைவுட் கதவு ஒட்டவில்லை. அதைப் பிடுங்கிவிட்டுக் கொட்டகையின் படலைக் கட்டினார்கள். பிறகு தட்டி, மூங்கில், கொடியில் காய்ந்த ராசுவின் கைலி. பொழுது சாயும்போது கொட்டகை இருந்த இடத்தில் வெறும் தரைதான் இருந்தது. தூறல் பிடித்தது.

"நாம எங்கண்ணே படுக்கறது? செட்டுக்குள்ள போயிரலாமா?"

"ஒரு துரும்பு கலைஞ்சாலும் போச்சுடா."

"அப்ப?"

"டைட்டில்ல படுத்துக்க."

காலையில் டைரக்டர் வந்தார். வீட்டைச் சுற்றி வந்தார். படலை விலக்கி உள்ளே தலையை நீட்டி மூச்சை இழுத்தார்.

"யோவ், வாடைகூட வருதேய்யா! யாரு வேலை இது?"

"ஐடியா என்னுது சார். செஞ்சது மணிவண்ணன்," என்றார் சதீஷ்குமார்.

"இவரு பேரைத் தனியாப் போடுங்க. பெருசாப் போடுங்க."

விடிய விடிய நனைந்து விறைத்துப் போயிருந்த மணிவண்ணனுக்கு அழுகை முட்டியது. ராசு அவன் முதுகில் தட்டிவிட்டுத் தும்மினான்.

"இருங்க," என்றார் டைரக்டர். "போன படத்துல வீடெல்லாம் பொய்னு காறித் துப்பிட்டாங்க. இந்த ஊர்க்காரங்க யாராவது ஒருத்தர் சரின்னு சொல்லட்டும். அப்புறந்தான் ஷாட்டு, டைட்டிலு எல்லாம்."

தோட்டக்காரரின் மனைவி பாவாயி, யூனிட்டுக்கு அவித்த மரவள்ளிக் கிழங்கோடு மேலே வந்துகொண்டிருந்தாள். டைரக்டர் அவளை நிறுத்தினார்.

"ஏம்மா, உங்க ஊர்ல ரொம்பக் கஷ்டப்பட்டவங்க வீடு இப்படித்தானே இருக்கும்?"

மணிவண்ணன் கண்ணாலேயே அவளைக் கும்பிட்டான். பாவாயி கூடையை இறக்கி வைத்தாள். படலைத் தொட்டுப் பார்த்தாள். தகரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"இதுல எந்த மனுசன் குடியிருப்பான்? இது எங்க ஆட்டுக்குப் போட்ட கொட்டாயிங்க சாமி. ஒழுகுதுன்னு ஆடே உள்ள போவ மாட்டேன்னு நின்னுக்கிச்சுங்க, அதனாலதான் உங்க ஆளுங்களுக்கு உட்டமுங்க."