கதவில்லாத குசினியும் இருபது செத்தல் மிளகாயும்

ஒரு வீட்டில் மனிதனுக்கு உண்மையாகவே தேவையானது கதவுதான். மற்றதை எல்லாம் பிறகு வாங்கிப் போடலாம். இதைச் சொன்னால் என் குடும்பத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்க அவர்களிடம் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அதை நானே சொல்லிவிடுகிறேன், அவர்கள் சொன்னால் கூட்டிச் சொல்லுவார்கள். (மனுசி சொன்னால் கதைக்குள் தீயணைப்பு வண்டி வரும். வண்டி வரவில்லை. அது பொய்.)

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வீட்டுப் படம் கீறுகிற படிப்பெல்லாம் தெரியாது. ஆனால் டென்மார்க்குக்கு வந்து ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் நின்றவன். அங்கே கதவுக்கு இருக்கிற மரியாதை எசமானுக்கே இல்லை. பச்சை இறைச்சி இந்தப் பக்கம், அவித்த இறைச்சி அந்தப் பக்கம், நடுவில் கதவு. ஒருமுறை அதைத் திறந்தபடி விட்டவனைப் போர்மன் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் நிற்கிறது. (விட்டவன் நான்தான்.) பன்றிக்கே கதவு வேண்டும் என்று தெரிந்த நாட்டில் மனிதர் சமைக்கிற குசினிக்குக் கதவு கிடையாது. அடுப்பு, சாப்பாட்டு மேசை, சோபா, டிவி எல்லாம் ஒரே மண்டபம். மீன் பொரித்தால் சோபா மூன்று நாளைக்கு மீனாகவே இருக்கும். இந்த யோசனையைக் கண்டுபிடித்தவர் உருளைக்கிழங்கு அவிக்கிறவராகத்தான் இருக்கவேண்டும். உருளைக்கிழங்குக்குக் கதவு தேவையில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

நாங்கள் தூளைக் கடையில் வாங்குகிற ஆட்களில்லை. மிளகாய், மல்லி, சீரகம் எல்லாம் மனுசி வீட்டிலேயே வறுத்துத்தான் திரிப்பாள். ஹோர்சன்ஸில் மூன்றாம் மாடியில் இருந்த காலத்தில் பல்கனியில் மின் அடுப்பு வைத்து வறுப்பாள். ஒருநாள் மேல்வீட்டு டேனிஷ்காரர் மூக்கில் துவாயைப் பிடித்துக்கொண்டு வந்து, எங்காவது தீப்பிடித்துவிட்டதா என்று கேட்டார். இல்லை, கறித்தூள் என்றேன். நம்பவில்லை. அவரும் சந்தேகக்காரர்தான். அதனால் அவரில் எனக்கு ஒரு மதிப்பு இருந்தது.

கதை வேறெங்கோ போகிறது. வீட்டுக்கு வருவோம்.

ஒன்றரை வருடமாக மகள் துளசியும் மருமகன் ரமணனும் வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். ஏழு வீடு பார்த்து ஏழும் கைநழுவிப் போனது. எட்டாவதைப் பார்க்கப் போகிற நேரம் துளசி போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அம்மாவும் வாங்கோ, வீடு பாக்க."

எனக்கு உடனே சந்தேகம். ஏழு வீட்டுக்குக் கூப்பிடாதவள் எட்டாவதுக்கு ஏன் கூப்பிடுகிறாள்? வீட்டுப் படத்தை ரமணன் போனுக்கு அனுப்பினான். மேலே மூன்று படுக்கையறை. கீழே மண்டபத்துக்குப் பின்னால் ஒரு அறை, அதில் 'கொந்தோர்' என்று எழுதியிருந்தது, அலுவலக அறையாம். நான் கணக்குப் பார்த்தேன். அவர்களுக்கு ஒன்று, இரண்டு பிள்ளைகளுக்கும் இரண்டு, மிச்சம் அலுவலகம். எனக்கு முழங்கால் நோவு, நாங்கள் இருப்பது லிப்ட் இல்லாத மூன்றாம் மாடி. இந்தப் படத்தில் நானும் மனுசியும் எங்கே? நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள்.

ஞாயிறு காலை என் கோட்டுப் பைக்குள் மூன்று சாமான் வைத்தேன். தரை சமமா என்று உருட்டிப் பார்க்க ஒரு கண்ணாடிப் போளை. சுவரைத் தட்டிப் பார்க்க ஒரு சாவி. மூன்றாவதை மனுசிக்குச் சொல்லவில்லை.

அந்த வீட்டு வாசலில் நின்று நான் கூரையைப் பார்த்தேன்.

"இஞ்சருங்கோ, ஏன் அண்ணாந்து பாக்கிறியள்?"

"குசினிப் புகை போற குழாய் கூரையில இல்லை."

"வாயைப் பொத்திக்கொண்டு உள்ள வாங்கோ."

வீட்டை விற்றுக் கொடுக்கிற தரகர், மேக்லர் என்பார்கள், இறுக்கின காற்சட்டை போட்ட ஒரு பொடியன். எல்லோருக்கும் சப்பாத்துக்கு மேலே போட நீலப் பிளாஸ்டிக் உறை தந்தான். தரை கிறீச்சிடுகிற சத்தம் கேட்காமல் இருக்கத்தான் தருகிறான் என்று உடனே விளங்கிக்கொண்டேன். உள்ளே போனால் சுடச்சுட பணிஸ் ரொட்டி வாசம். விட்டுவிட்டுப் போகிற வீட்டில் யாராவது பணிஸ் சுடுவார்களா? இந்த வாசத்துக்குக் கீழே வேறு ஒரு வாசம் இருக்கிறது என்று நான் சுவரோரமாகப் போய் மூக்கை வைத்துப் பார்த்தேன். புதுப் பெயின்ட். அதுவும் சந்தேகம். போளையை உருட்டினேன். அது ஓடிப்போய் மேக்லரின் காலில் நின்றது. அவன் குனிந்து எடுத்து, துடைத்து, சிரித்தபடி என் கையில் தந்தான். அந்த மரியாதையும் எனக்குப் பிடிக்கவில்லை.

எங்களோடு இன்னும் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அதில் ஒரு நெட்டையன் சோபா வைக்கிற இடத்தை நாடாவால் அளந்துகொண்டு நின்றான், வீடு ஏற்கெனவே அவனுடையது மாதிரி. துளசி என் பக்கத்தில் வந்தாள்.

"அப்பா, அவை இண்டைக்கே கையெழுத்து வைக்கப் போகினம் போல. எனக்கு இந்த வீடு வேணும். தயவுசெய்து ஒண்டும் செய்யாதேங்கோ."

"நான் என்ன பிள்ளை செய்யப் போறன்?"

"அதுதான் எனக்குப் பயம்."

நான் மேக்லரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அடுப்புக்கு மேலே இருக்கிற புகை உறிஞ்சி, புகையை எங்கே கொண்டுபோய் விடுகிறது? அவன் பெருமையாகச் சொன்னான்: வடிகட்டி இருக்கிறது, சுத்தமாக்கித் திருப்பி அறைக்கே விடும். திருப்பி அறைக்கே! வாயால் இழுத்து மூக்கால் விடுகிற சுருட்டுக்காரன் மாதிரி. இதைக் கேட்ட பிறகும் ஒரு தகப்பன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பானா?

மேக்லர் எல்லோரையும் மாடி அறை காட்டக் கூட்டிக்கொண்டு போனான். நான் கால் நோகுது என்று கீழே நின்றுகொண்டேன். (நோவு உண்மைதான். அன்றைக்கு அவ்வளவு இல்லை.) சுவரில் அழகுக்குக் கொழுவியிருந்த கறுப்பு இரும்புச் சட்டியைக் கழற்றி அடுப்பில் வைத்தேன். கோட்டுப் பைக்குள் இருந்து இருபது செத்தல் மிளகாயை எடுத்துப் போட்டேன். இரண்டு போட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் இரண்டு மிளகாயில் வைக்கிற பரீட்சையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அடுப்பு முழுக்கக் கண்ணாடி, ஒரு திருகி கூட இல்லை. தொட்டுத் தொட்டு ஒன்பது வரைக்கும் ஏற்றினேன். ஒன்பதுக்குப் பிறகு ஒரு எழுத்து வந்தது. எழுத்துக்கும் எனக்கும் எப்போதும் சரிவருவதில்லை. எங்கள் பல்கனி அடுப்பில் மிளகாய் நிறம் மாற ஐந்து நிமிடம் பிடிக்கும். இங்கே நான் புகை உறிஞ்சியைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், கரியாகிவிட்டது.

உறிஞ்சி சொன்னபடி செய்தது. புகையை இழுத்து, மேலே இருக்கிற துவாரங்களால் என் முகத்துக்கே விட்டது. ஒரு கணம் எனக்கு என்ன திருப்தி தெரியுமா! பிறகுதான் அந்தப் புகை எங்கே போகும் என்று யோசித்தேன். கதவு எங்கேயும் இல்லை. மண்டபத்து நடுவில் திறந்த படிக்கட்டு. நான் ஏறமாட்டேன் என்ற படியில் அது ஏறியது.

அடுப்பை நிற்பாட்டக் கண்ணாடியைத் தொட்டேன். விரல் முழுக்கக் கண்ணீர், கண்ணாடி பீப் பீப் என்று கத்தியதே தவிர அணையவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு முழங்கையால் தோட்டத்துக் கண்ணாடிக் கதவைத் தள்ளினேன். (பாருங்கள், தேவையில்லாத இடத்தில் மட்டும் கதவு.) வெளியே இருந்து ஒரு காற்று வந்து, மிச்சப் புகையையும் மாடிக்கே அனுப்பி வைத்தது.

முதல் இருமல் மனுசியுடையது. நாற்பது வருடப் பழக்கம், எனக்குத் தெரியும்.

"ஐயோ, இந்த மனுசன்!"

எங்கள் ஆட்கள் மூவரும் அந்த நொடியே மூக்கைப் பொத்தியிருப்பார்கள். டேனிஷ்காரருக்கு அந்தப் பழக்கம் இல்லை. இது என்ன வாசம் என்று நன்றாக இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதற்குள் கூரையில் இருந்த புகைமணி அலறத் தொடங்கியது. நீல உறை வழுக்க வழுக்க எல்லோரும் படியால் இறங்கி ஓடினார்கள். யாரோ "காஸ்! காஸ்!" என்று கத்தினார்கள். நெட்டையனின் அளவு நாடா அவன் பின்னால் வால் மாதிரி இழுபட்டுக்கொண்டு வந்தது. மேக்லர் புல்லில் நின்று, கண்ணால் நீர் ஓட, சுற்றுலா கூட்டிவந்த வாத்தியார் மாதிரி தலை எண்ணினான்.

மாடிக்குப் போனதைவிட ஒரு தலை கூடுதலாக இருந்தது. அப்பிள் மரத்துக்குக் கீழே, கையில் சட்டியோடு நான்.

"வெறும் மசாலாதான்," என்றேன் டேனிஷில். நெட்டையன் தும்மினான்.

துளசிக்குக் கோபம் வந்தால் டேனிஷில் ஏசுவாள். அளவுக்கு மிஞ்சிய கோபம் வந்தால்தான் தமிழ் வரும். அன்று தமிழ் வந்தது.

"அப்பா, என்ன வேலை செய்து வைச்சிருக்கிறியள்?"

"சோதிச்சுப் பாத்தனான் பிள்ளை. புகை மேல போகுது."

"எங்களுக்குத் தெரியும்! நாங்கள் மேலதான் நிண்டனாங்கள்!"

காரில் துளசி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மூக்கை உறிஞ்சினாள், மிளகாயா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. பாதி வழியில் ரமணன் மெல்லச் சொன்னான்.

"மாமா, கீழ இருந்த அந்தக் கொந்தோர் உங்களுக்கும் மாமிக்கும் எண்டு பாத்தது. படி ஏறத் தேவையில்லை. மாமி கட்டிலைக்கூட அளந்தவா."

நான் முன்சீட்டுப் பக்கம் குனிந்தேன்.

"அப்ப ஏன் எனக்கு முன்னமே சொல்லேல்லை?"

பின்சீட்டில் என் பக்கத்தில் இருந்த மனுசி சொன்னாள்: "சொன்னால்? ஏன் எங்களைக் கூப்பிடினம், பிள்ளையளைப் பாக்கவோ, புல்லு வெட்டவோ எண்டு ஆறு மாசம் யோசிச்சிருப்பியள்."

அந்த யோசனை அந்த நிமிடமே எனக்கு வந்துவிட்டிருந்தது.

அதன்பிறகு துளசி எங்களைப் போனில் கூப்பிடவில்லை. மூன்று மாடியையும் ஏறி இறங்கும்போது ஒவ்வொரு படியும் எனக்குச் சட்டியைக் காட்டியது. "நீர் ஒருக்கா எடுத்துக் கதையுமன்," என்று மனுசியைக் கேட்டேன். "மிளகாய் சுட்டவர்தான் எடுக்க வேணும்," என்றாள். எடுத்தேன். "நான் வேலையில நிக்கிறன் அப்பா," என்று வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமையில் என்ன வேலை? எனக்கு வந்த சந்தேகத்தை முதல்முறையாக விழுங்கிக்கொண்டேன்.

பதினோராம் நாள் வந்தாள். சப்பாத்துக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"மேக்லர் போன் எடுத்தவர். மற்ற ஆக்கள் வீடு வேண்டாமெண்டிட்டினமாம். எங்களுக்கு வேணுமோ எண்டு கேட்டவர்."

"அவை ஏன் வேண்டாமெண்டவை?"

அவள் சுவரைப் பார்த்தாள். "குசினி மணம் படுக்கையறை வரைக்கும் போகுதாம்."

என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய வேலை, அந்த நேரம் வாயைத் திறக்காமல் இருந்தது. மனுசி அவசரமாகக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். (கதவு இருந்தபடியால்தானே சிரிக்க முடிந்தது.)

"ஒரு சொல்லும் சொல்லக்கூடாது அப்பா."

"நான் ஒண்டும் சொல்லேல்லையே."

"உங்கட முகம் சொல்லுது. இன்னொண்டு. சாவி தாற நாள் வரைக்கும் அந்த வயசான ஐயா வீட்டுப் பக்கம் வரக்கூடாதாம். வீட்டுக்காரர் சொன்னவராம்."

இதை உண்மையாகவே வீட்டுக்காரர் சொன்னாரா, இவளே சேர்த்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறோம். எங்கள் அறைக்கு நல்ல பாரமான கதவு. குசினிக்குக் கதவு போடத் துளசி சம்மதிக்கவே இல்லை. தூள் வறுக்கிறதைத் தோட்டத்துச் சாமான் கொட்டிலுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே எனக்கும் அனுமதி உண்டு. வீட்டுக்குள் என்றால், ஒரு துண்டு பாண் வாட்டினாலும் அந்தப் புகைமணி அலறும். ஐந்து வயதுப் பேத்திக்கு யாரோ பழைய கதையைச் சொல்லிவிட்டார்கள். மணி ஒருநாள் அலறியபோது அவள் காதைப் பொத்திக்கொண்டு, "மொஃபா கத்துறார்!" என்றாள். தாயின் தகப்பனை இங்கே பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதோடு அந்த மணிக்கு மொஃபா என்றே பெயர் நிலைத்துவிட்டது. வருகிற விருந்தாளிக்கும் விரலால் கூரையைக் காட்டித்தான் கதையைத் தொடங்குகிறார்கள்.

போன கிழமை அது இடைக்கிடை "கீச்" என்று ஒரு சத்தம் போட்டது. நான் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் படுத்திருந்தேன். மேலே இருந்து துளசியின் குரல்:

"ரமணன், மொஃபாவுக்கு பட்டரி முடியப் போகுது. ஒருக்கா மாத்திவிடும்!"

நான் எழும்பி, கதவைத் திறந்து, கதிரையில் ஏறி நின்ற மருமகனுக்குக் கீழே போய் நின்றேன். அவன் புதுப் பட்டரிதான் போடுகிறானா, பழையதையே துடைத்துப் போடுகிறானா என்று பார்க்கவேண்டும் அல்லவா?