பத்மினி ஒழுகியது குறித்து அண்ணனுக்கு ஒரு விளக்கம்

மத்திகிரி,
புதன்கிழமை.

மத்தூரில் இருக்கும் பெரிய அண்ணன் சென்னகிருஷ்ணன் அவர்களுக்கு, தங்கை ஜெயப்ரியா பணிவோடும் அந்தப் பணிவுக்கு ஓர் எல்லையோடும் எழுதிக்கொள்வது.

இன்று காலை கண் விழித்ததும், பல் துலக்குவதற்கும் அடுப்பைப் பற்றவைப்பதற்கும் முன்னால், நான் செய்த முதல் காரியம் போர்டிகோவில் மல்லாந்து படுத்து அப்பாவின் பழைய பத்மினி காருக்கு அடியில் தலையை நுழைத்தது. நைட்டியோடுதான். எதிர்வீட்டு லட்சுமியம்மாள் கோலமாவு டப்பாவோடு நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய்த் தன் வீட்டுக்காரரையும் அழைத்து வந்து காட்டினார். காட்டட்டும். அடியில் விரித்திருந்த அட்டை நேற்று வைத்தபடியே காய்ந்த அப்பளம் போலக் கிடந்தது. ஒரு சொட்டு இல்லை. இது ஒன்பதாவது நாள். இதை நான் போனில் சொன்னால் நீங்கள் "சரி சரி" என்று சொல்லிப் போர்வெல் கதைக்குப் போய்விடுவீர்கள். தாலுகா ஆபீசில் முப்பது வருடம் இருந்த பழக்கத்தில், எதுவானாலும் எழுத்தில் கொடு என்று நீங்களே சொன்னீர்கள். இதோ எழுத்தில்.

முதலில் நடந்ததை வரிசைப்படுத்திவிடுகிறேன். போன மாதம் என் மகள் அனுப்ரியாவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததற்கு வாழ்த்துச் சொல்ல வந்தீர்கள். ஒரு கையில் ஸ்வீட் பெட்டி, இன்னொரு கையில் ஆனேக்கல்காரர் ஒருவர். கல்யாண ஜோடிகளைப் பழைய கார்களின் பானட்டில் உட்காரவைத்துப் படம் எடுக்க வாடகைக்கு விடுபவர் என்று அறிமுகம் செய்தீர்கள். அவர் அனுப்ரியாவை வாழ்த்தவில்லை. நேராகப் போர்டிகோவுக்குப் போய்க் குனிந்து, தரையில் இருந்த கறுப்புத் திட்டை விரலால் தொட்டு, "ஆயில் லீக் ஆக்தா இதெ அல்வாம்மா" என்று, எண்ணெய் ஒழுகுகிறதே அம்மா என்று, ஏதோ என் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாததைக் கண்டுபிடித்த மாதிரி இரக்கத்தோடு சொன்னார். எனக்குக் கன்னடம் தெரியும், அண்ணா. ஓசூரில் இருபது வருடம் இருக்கிறேன். அவர் அடுத்து உங்கள் காதில் சொன்னதும் கேட்டது. வண்டிக்கு ரோஸ் கலர் அடிக்கப்போகிறாராம்.

அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? உங்கள் வார்த்தைகளையே போடுகிறேன்: "வாசல்ல எண்ணெ சொட்டுனா லட்சுமி வழுக்கிக்கிட்டு வெளிய போயிருவா பாப்பா. ஒழுவுற வண்டி ஊட்டுக்கு ஆவாது. குடுத்தரலாம்." அப்பா போன பிறகு ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கிறது, உங்களுக்கு உரிமை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆறு வருடமாக அதைத் துடைத்து, ஓட்டி, திட்டி வைத்திருப்பவள் நான். அதனால்தான் அன்று ரோஷத்தில் வாக்குக் கொடுத்தேன்: ஒரு மாதம் டைம் கொடுங்கள், ஒழுகலை நிறுத்துகிறேன், அதற்குப் பிறகும் ஒரு சொட்டு விழுந்தால் வண்டி போகட்டும். நீங்களும் சம்மதித்து, மாதம் முடிகிற இந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆனேக்கல்காரர் வந்து பார்ப்பார் என்றீர்கள். ஒழுகல் நிற்கும்வரை வண்டியை ரோட்டில் எடுக்கக் கூடாது என்று ஓர் உத்தரவையும் போட்டுவிட்டுப் போனீர்கள். அந்த உத்தரவைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்கு இருந்த அவமானம் உங்களுக்குப் புரியாது. எங்கள் கம்பெனி செய்வதே ஆயில் சீல். எண்ணெய் வெளியே வராமல் இருக்கத் தண்டைச் சுற்றி மாட்டும் ரப்பர் வளையம். பதினெட்டு வருடமாக அந்த வளையங்களை லென்ஸ் வைத்துப் பார்த்து, மயிரிழை கீறல் இருந்தாலும் சிவப்புப் பெட்டியில் போடுவதுதான் என் வேலை. அப்படிப்பட்டவள் வீட்டு வாசலில் எண்ணெய்க் குளம். கம்பெனி பஸ்ஸில் யாருக்கும் நான் இதைச் சொல்லவில்லை.

ஒழுகுவது எந்த எண்ணெய் என்பதில்தான் முதல் சண்டை வந்தது. உங்கள் மாப்பிள்ளை, அதாவது என் வீட்டுக்காரர், முதல் ஷிஃப்ட் முடித்து வந்து, ஒரு பார்வை பார்த்து, அது ஏசித் தண்ணீர் என்றார். இந்த வண்டியில் ஏசியே இல்லை என்று நினைவூட்டினேன். அப்படியானால் எஞ்சின் ஆயில் என்றார், அதே உறுதியோடு. மாடியில் குடியிருக்கும் தினேஷ்குமார் இரண்டாவது ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும்போது பிரேக் ஆயில் என்று தீர்ப்புச் சொன்னான். நான் விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தேன். அழுகிய முட்டையும் பூண்டும் கலந்த நெடி. கியர்பாக்ஸ் ஆயில் மட்டும்தான் அப்படி நாறும். அதற்குப் பிறகு பெட்ரோல் தோய்த்த துணியால் கியர்பாக்ஸின் அடிப்பகுதியைச் சுத்தமாகத் துடைத்து, அனுப்ரியாவின் முகப் பவுடரை எடுத்து அதன்மேல் முழுக்கப் பூசினேன். எண்ணெய் எங்கிருந்து புறப்படுகிறதோ அங்கிருந்து பவுடரில் கோடு போட்டுக்கொண்டு வரும். மறுநாள் பார்த்தால், கியர்பாக்ஸின் வால் பக்கம், சக்கரத்துக்குப் போகிற தண்டு வெளியே வரும் இடத்தில், கண்ணீர்க் கோடு போல ஒன்று. பின்பக்க சீல். கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். அனுப்ரியா பவுடர் டப்பாவைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "ம்மா, உனக்கு மேக்கப் போடச் சொன்னா நீ கியர்பாக்ஸுக்குப் போடுற" என்றாள்.

மெக்கானிக் முனிவேலைக் கூப்பிட்டேன். வண்டியை ரோட்டில் எடுக்கக் கூடாதே, அதனால் போர்டிகோவிலேயே ஜாக்கி வைத்துத் தூக்கி, தண்டைக் கழற்றி, புது சீல் போட்டு, எண்ணெய் ஊற்றினார். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் ஒரு துளை இருக்கும், அந்தத் துளையின் விளிம்பு வரை எண்ணெய் நிற்க வேண்டும், அதுதான் அளவு. விளிம்பு வரை ஊற்றி மூடினார். நான்கு நாளில் ஒழுகியது. மறுபடி சீல், மறுபடி எண்ணெய், மறுபடி ஒழுகல். இதற்கிடையில், சொட்டியதைப் பார்த்துப் பதறி, எண்ணெய் குறைந்தால் கியர் தேய்ந்துவிடுமே என்று உங்கள் மாப்பிள்ளை சாயங்காலத்தில் விளிம்பு வரை நிரப்பிவைத்திருக்கிறார். அது தெரியாமல் காலையில் தினேஷ்குமார், அக்கா தனியாகக் கஷ்டப்படுகிறாரே என்று, அவன் பங்குக்கு நிரப்பியிருக்கிறான். இருவருக்கும் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் நிரப்பியது யார் என்று கேட்காதீர்கள். மூன்று ஷிஃப்ட்டிலும் உற்பத்தி நடந்துகொண்டிருந்தது.

மூன்றாவது சீலும் ஒழுகியபோது முனிவேல் தரையில் உட்கார்ந்து பீடியை எடுத்து, பற்றவைக்காமலே காதில் சொருகிக்கொண்டு சொன்னார்: "அக்கா, சீலு புதுசு. தண்டுல தேய்மானமில்ல. மூணு தபா போட்டும் ஒழுவுதுன்னா இது ரிப்பேர் இல்லீங்க்கா. கண்ணு." கடைக்குப் போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார். வண்டியைப் பின்னால் எடுத்து நசுக்குங்கள், வாசலைத் தாண்ட வேண்டாம் என்று பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு பழத்தை வைத்தார். நான் ஏறி உட்கார்வதற்குள் அந்தப் பழம் உருண்டு, போர்டிகோவைத் தாண்டி, கேட்டுக்கு வெளியே போய், ரோட்டைக் கடந்து லட்சுமியம்மாளின் கோலத்தின் நடுவில் நின்றது. இரண்டாவதை வைத்தார். அதுவும் அதே வழியில் போயிற்று. மூன்றாவதை வைத்து, அது ஓடாமல் இருக்க ஒரு சின்னக் கல்லை முட்டுக் கொடுக்கப் போனபோதுதான் நான் "நிறுத்துங்க முனிவேல்" என்றேன்.

அண்ணா, அந்தப் போர்டிகோவைக் கட்டியது யார்? நாங்கள் இருவரும் ஷிஃப்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்ததால் பக்கத்தில் நின்று கட்டிக்கொடுத்தது நீங்கள். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. ஆனால் தெற்கு உயரணும், வடக்கு தாழணும், தண்ணி ஈசானியத்துக்குத்தான் ஓடணும் என்று கொத்தனாரிடம் நின்று, அவர் நான்கு அங்குலம் போதும் என்றபோது ஓர் அடி ஏற்றச் சொன்னதும் நீங்கள்தான். அந்தச் சரிவில்தான் வண்டி மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சாய்த்து வைத்த பாத்திரத்தில் விளிம்பு வரை ஊற்றினால் என்ன ஆகும் என்று அண்ணியிடம் கேளுங்கள். துளை முன்பக்கமாக, சரிவில் உயர்ந்து நிற்கிறது, அதனால் அளவு தெரியாமல் அதிகமாக உள்ளே போகிறது. உள்ளே போனது எல்லாம் பின்பக்கம் தேங்கி, சீலின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. ஒழுகியதால் நிரப்பினோம், நிரப்பியதால் ஒழுகியது. சீலின் மேல் குற்றமில்லை. வண்டியின் மேல் குற்றமில்லை. லட்சுமி வழுக்கியது வாஸ்துவில்.

உங்கள் உத்தரவை அன்று மீறினேன். வண்டியைக் கால்நடைப் பண்ணைப் பக்கம் சமதளமான ரோட்டுக்கு ஓட்டிப் போய், முனிவேல் அந்தத் துளையைத் திறந்தார். விளிம்பில் நிற்க வேண்டிய எண்ணெய் குழாய் போலக் கொட்டியது. பிடிக்கப் பாத்திரம் இல்லாமல் டிக்கியில் இருந்த எவர்சில்வர் தாம்பாளத்தை நீட்டினேன். அது அண்ணி சீராகக் கொடுத்தது, அவருக்குச் சொல்ல வேண்டாம். தானாக நிற்கும்வரை வழியவிட்டு மூடினோம். வீட்டுக்கு வந்து, வண்டியைத் திருப்பி, மூக்கு வாசலைப் பார்க்கும்படி பின்பக்கமாக ஏற்றி நிறுத்தினேன். எண்ணெய் கேனை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அன்றிலிருந்து ஒன்பது நாள்.

நான் எதையும் இரண்டு முறை யோசிப்பவள் என்று உங்களுக்குத் தெரியும். இந்த வண்டிக்காக ஏன் இவ்வளவு என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். அப்பாவின் ஞாபகம் என்று சொல்லிவிடலாம், நீங்களும் நெகிழ்ந்துவிடுவீர்கள். ஆனால் அது காரணமில்லை. பதினெட்டு வருடமாகக் கம்பெனி பஸ்ஸில் அதே சீட், அதே நிறுத்தம். வீட்டில் உங்கள் மாப்பிள்ளையுடைய பைக்கின் பின்சீட். நாற்பத்தொரு வயதில் பண்ணை ரோட்டில் தனியாக இந்த வண்டியை ஓட்டக் கற்றபோதுதான், எங்கே திரும்புவது என்பதை நான் தீர்மானிக்கலாம் என்று தெரிந்தது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வேலையும் இல்லாமல் தளி வரை போய், பூச்சந்தையில் ஒன்றும் வாங்காமல் திரும்பி வருவேன். எங்கே போனாய் என்று யாரும் கேட்டதில்லை, காய்கறிக்குப் போனதாக நினைத்துக்கொள்வார்கள். அதை ரோஸ் கலர் அடித்து, யாரோ ஒரு ஜோடியை மேலே உட்காரவைக்க நான் கொடுக்க முடியாது.

ஆகவே வாக்குப்படி ஒழுகல் நின்றுவிட்டது, வண்டி என்னிடமே இருக்கும், ஆனேக்கல்காரர் வெள்ளிக்கிழமை வர வேண்டியதில்லை. அவருக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். பெயர் மாற்றும் விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், பென்சிலால் புள்ளி வைத்த இடங்களில் கையெழுத்துப் போடவும். போர்டிகோவைப் பற்றி நான் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அண்ணிக்கு என் அன்பு. முழங்கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடுக்கச் சொல்லவும். உங்கள் மாமரங்கள் இந்த வருடமாவது உங்கள் பேச்சைக் கேட்டுக் காய்க்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கை,
ஜெயப்ரியா.

பின்குறிப்பு: உறையில் விலாசம் எழுதிவிட்டு, கடைசியாக ஒருமுறை என்று போய்ப் பார்த்தேன். அட்டையில் ஒரு சொட்டு. முட்டையும் பூண்டும்தான். இந்த முறை பின்பக்கம் இல்லை, முன்பக்கம். வண்டியைத் திருப்பி நிறுத்தியதில் எண்ணெய் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது போலும். என் வாக்குப்படி வண்டி போக வேண்டும். அரை மணி நேரம் அந்தச் சொட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு உள்ளே வந்து கடிதத்தைக் கிழிக்கலாமா என்று யோசித்து, கிழிக்காமல் இதை எழுதுகிறேன். ஒழுகினாலும் கொடுக்க மாட்டேன், அண்ணா. இதை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். மூன்று சீல் மிச்சமாகியிருக்கும். வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கிறேன். ஆனேக்கல்காரர் பத்து மணிக்கு வரும்போது போர்டிகோவில் வண்டியும் இருக்காது, நானும் இருக்க மாட்டேன். எந்தப் பக்கம் போவேன் என்று எனக்கே தெரியாது. இது உங்கள் மாப்பிள்ளைக்கும் தெரியாது, அனுப்ரியாவுக்கும் தெரியாது. நீங்களும் தடுக்க வேண்டாம் என்றுதான், கூரியரில் அனுப்ப இருந்த இதைச் சாதாரண தபாலில் போடுகிறேன். மத்தூருக்குச் சனிக்கிழமைக்கு முன்னால் வராது.