ஐயாவின் படத்துக்குப் பொருத்தமான வாசிப்புத் திட்டம்

உலகக் கல்வி வரலாற்றை இனி எழுதுகிறவர்கள் எங்கள் ஊரான சரவணையில் இருந்துதான் தொடங்கவேண்டும். எங்கள் பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் அந்த வரலாற்றை ஆரம்பித்து வைத்தவன் நான். நல்ல குரலென்று, தரம் எட்டில் படிக்கும் கஜாலினியின் கையில் நன்றியுரைத் தாளைத் திடீரென்று திணித்து மேடையேற்றினேன். பிள்ளை தாளைப் பார்த்தபடி நின்றாள். சத்தமில்லை. ஒலிவாங்கிதான் பழுதென்று ஓடிப்போய்த் தட்டினேன். தட்டிய தட்டில் அது உண்மையிலேயே பழுதாகிவிட்டது.

"அவளுக்கு டிஸ்லெக்சியா, அண்ணை. எழுத்து பிடிபடாது," என்றார் துஷாந்தினி ரீச்சர். "பள்ளி விட்டாப்பிறகு பக்கத்திலை இருந்து சொல்லிக் குடுக்கிறன். இப்பதான் கொஞ்சம் வாசிக்கத் தொடங்கினவள். இந்த வருசமும் சரிவராட்டி தாய் பள்ளிக்கூடத்தாலை மறிச்சு வீட்டிலை இருத்திப்போடுவா."

என் இதயம் உருகியது. உருகிய இதயத்துக்கு உடனடியாக ஒரு குழு தேவைப்பட்டது. பழைய மாணவர் சங்கச் செயலாளர் என்ற முறையில் "வாசிப்புத் திட்டத் தெரிவுக் குழு"வை அமைத்தேன். விசயம் தெரிந்தவர் என்பதால் ரீச்சரைக் கூட்டக் குறிப்பெழுதப் போட்டேன். வெளிநாட்டுக் கிளைகளின் வசதி கருதி, பள்ளி விட்டதும் தினமும் சூமில் கூடினோம்.

செலவைப் பொறுப்பேற்றவர் சூரிச்சில் இருக்கும் பிரதாபன். காலமான தகப்பனாரின் ஞாபகார்த்தமாக. ஆகவே திட்டத்தின் மேலே ஐயாவின் படம் வரவேண்டும். மற்றதெல்லாம் சின்ன விசயம்.

கிளைகள் ஆளுக்கொன்றாக அனுப்பிய மூன்று வாசிப்புத் திட்டங்களையும் குழு ஆழமாக ஆராய்ந்தது. லண்டன் திட்டத்தின் அட்டை சிறியது. படத்தில் ஐயாவின் நாடி வெட்டுப்படும். நோர்வேத் திட்டத்துக்கு அட்டையே கிடையாது, எல்லாம் கணினிக்குள். அமரர் ஒருவரைக் கணினிக்குள் அடைப்பது மரபல்ல. சுவிஸ் திட்டமோ பெரிய பெட்டியில் வரும். மூடி முழுக்க வெறுமை!

"அதிலை ஐயாவை நிக்கவே வைக்கலாம்," என்றார் பிரதாபன்.

"தம்பி, உள்ளுக்கை எல்லாம் ஜேர்மன் எல்லோ?" என்றேன்.

குழுத் தலைவர் அரியநாயகம் கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க ஏலாது. ஜேர்மனும் ஏலாது. பிறகென்ன வித்தியாசம்?"

இப்படியொரு தர்க்கத்தை நான் பல்கலைக்கழகத்திலும் கேட்டதில்லை. ரீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அதையும் குறிப்பிலை போடும், பிள்ளை," என்றார் தலைவர். ஏகமனதாக நிறைவேறியது.

திறப்பு விழாவில் மங்கள விளக்கு, பொன்னாடை, மேலே ட்ரோன். பெட்டிக்கு மாலை போட்டோம். பெட்டியை மட்டும் திறக்கவில்லை. படத்தை மூடியின் இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டியிருந்தோம்; திறந்தால் ஐயா நடுவால் கிழிவார்.

இதனால் பயன் வருமோ என்று தலைவரை மெல்லக் கேட்டேன்.

"பாப்பம்."

தொலைபேசியில் பிரதாபனைக் கேட்டேன்.

"படம் வடிவாய் வந்திருக்கு, அண்ணை."

கடைசியில், பின்வரிசைக் கதிரையில் இருந்த கஜாலினியிடம் போனேன்.

"எப்பிடிப் பிள்ளை, இந்தத் திட்டம் உமக்கு உதவுமோ?"

"இல்லை மாமா," என்றாள். "வாற தவணை அம்மா என்னைப் பள்ளிக்கூடத்தாலை மறிக்கப்போறா. ரீச்சர் பக்கத்திலை இருக்கேக்கை நான் வாசிச்சனான். நீங்கள்தான் அவவைக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போட்டியள்."