அறுபது சேனலும் கட்டம் சாரும்

டி.வி.யில் ஒரு முகம் சதுரம் சதுரமாக உடைந்தால் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிடுகிற ஒரே மனிதர், இந்தப் பூமியிலேயே எங்கள் கட்டம் சார்தான்.

கள்ளக்குறிச்சி கேபிள் ஆபீஸில் அவர் இன்ஜினியர். நான் புகார் போன் எடுப்பவள். சார் ஒரு கல்யாணப் பந்தியிலிருந்து பாதியில் எழுந்து, மண்டபத்து டி.வி.யைக் காட்டி, “பொண்ணு கன்னத்துல கட்டம் வுழுது, யாருக்கும் கண்ணு தெரியலியா?” என்று சண்டை போட்டவர்.

கல்வராயன் மலைக்குப் போகும் எங்கள் இணைப்பு குறுகலானது. அதில் அறுபது சேனலையும் நசுக்கி அனுப்பிவிட்டு, எல்லாம் எச்.டி. என்று விளம்பரம் செய்தார் முதலாளி.

“ஒரே பஸ்ஸுல ஊரையே ஏத்தினா எவன் மூஞ்சி தெரியும்? பாதிய எறக்குங்க” என்பார் சார்.

“ஜனங்களுக்கு சேனல் ஜாஸ்தி வேணும்யா. மூஞ்சிய வச்சிக்கினு இன்னா பண்றது?” என்பார் முதலாளி.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த காலம். ஒருநாள் வழியெங்கும் மறியல். மலை பஸ் ஓடவில்லை. எங்கள் லோக்கல் சேனல் பஸ் ஸ்டாண்டை நேரலையில் காட்டிக்கொண்டிருந்தது. மத்தியானம் கரியாலூரிலிருந்து குப்பம்மா என்றொரு பெண் கூப்பிட்டார். பாறை மேல் ஏறினால்தான் அங்கே சிக்னலாம்.

“காலேஜிக்குப் போன எம்புள்ள போன எடுக்க மாட்றான். பஸ் இல்லாம அங்கதான் நிக்கணும். பஸ் ஸ்டாண்டத்தான் காட்டிக்கினு இருக்கீங்க, ஒரு மூஞ்சியும் வெளங்கலியே! பொட்டி பொட்டியாத் தெரியுது!”

சார் என்னிடமிருந்து போனைப் பிடுங்கினார். “வூட்டுக்குப் போயி டி.வி. முன்னால குந்துங்கம்மா.”

மலைக்குப் போன மற்ற ஐம்பத்தொன்பது சேனலையும் நிறுத்தினார். இணைப்பின் மொத்த இடமும் லோக்கல் சேனல் ஒன்றுக்கே. உடனே கேமராக்காரனுக்குப் போன்: “ஆட்டாதடா! படம் ஆடினா கட்டம் ஜாஸ்தியாவும். ஒவ்வொரு மூஞ்சியா நின்னு காட்டு!”

என் போன் அலறியது. சீரியல் எங்கே, சினிமா எங்கே என்று ஏக வசவு. ஒருவர், “பஸ் ஸ்டாண்ட வுட்டா வேற ஒண்ணும் வரல. நான் இன்னா பஸ்ஸுக்கா நிக்கிறன்?” என்றார். முதலாளி ஓடி வந்தார். சார் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சேனல்களை அனுப்பும் இயந்திரத்துக்கு முன்னால் நின்றார்.

அரை மணியில் குப்பம்மா மறுபடியும் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

“பாத்துட்டன்மா! பரு கூடத் தெரியுது! இங்க எனக்கு உசுரு போவுது, அவன் டீ குடிச்சிக்கினு சிரிக்கிறான்! வரட்டும்!” என்று அழுதுகொண்டே திட்டினார்.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். மறுவாரம் பாதிச் சேனலைக் குறைக்கச் சம்மதித்தார்.

வழி திறந்ததும் முதல் பஸ்ஸில் மலையேறி, அங்கே டி.வி.யில் படம் தெளிவாக வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்த சார், குப்பம்மா கொடுத்த மலைத்தேனில் பாதியை என் டிபன் பாக்ஸில் ஊற்றினார்.

“போன எடுத்தது நீதானம்மா.”

அவரால் அன்று நான் வாங்கிய வசவில் ஒன்றுகூட அப்புறம் எனக்கு உறைக்கவில்லை.