தெரியாத மாதிரி இரும்மா

முதல் கேள்விக்கே கமா பொய் சொல்லிவிட்டார். அதற்கு வாயைக்கூடத் திறக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தார், அவ்வளவுதான்.

பத்திரிகை அலுவலகத்தின் கூட்ட அறையில் நாற்காலிகளை ஓரம் கட்டிவிட்டு எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். தலித் மக்களின் பிரச்சினைகளை எப்படிக் கேட்பது, எப்படி எழுதுவது, அவர்களுக்காக எப்படிக் குரல் கொடுப்பது என்று பத்திரிகைக்காரர்களுக்குப் பயிற்சி. பயிற்சி கொடுக்க வந்த மேடம், "நான் தலித். காலனியில பிறந்தவ" என்று ரத்த வகையைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். கமாவும் காலனியில் பிறந்தவர்தான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது இங்கே ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

"சொந்த ஊரு எதுன்னு யாராவது கேட்டா, சொல்லத் தயங்கினதே இல்லைங்கறவங்க ஒரு அடி முன்னால வாங்க" என்பதுதான் அந்த முதல் கேள்வி.

கமா என்பது வீட்டில் வைத்த பெயரல்ல. அவர் துணை ஆசிரியர், யார் எழுதியதைக் கொடுத்தாலும் நாலு கமா போடாமல் கையை விட்டு விடமாட்டார், அதனால் வந்த பெயர். அவருடைய பயமெல்லாம் தலைமை நிருபர் சீஃப் மேல்தான். புதிதாக யார் சேர்ந்தாலும் சீஃப் மீசையைத் தடவிக்கொண்டு, "தம்பிக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்பார். கமா, "பஸ் ஸ்டாண்டு பக்கம் சார்" என்று சொல்லித் தப்பித்தார். நல்லவேளை, எல்லா ஊரிலும் ஒரு பஸ் ஸ்டாண்டு இருக்கிறது. இப்போது ஞாயிறு இணைப்புக்குப் பொறுப்பாசிரியர் தேடுகிறார்கள். சீஃப் கைகாட்டும் ஆளுக்குத்தான் அந்த நாற்காலி.

அதனால் மேடம் என்ன கேட்டாலும் கமா முன்னால் போய்க்கொண்டே இருந்தார். வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலைந்ததில்லை, ஒரு அடி. டீக்கடையில் தனி டம்ளர் பார்த்ததில்லை, இன்னொரு அடி. கடைசியில் மூக்கு சுவரில் இடித்தது. பக்கத்தில் திரும்பினால் சீஃப். மற்றவர்கள் எல்லோரும் பின்னால் எங்கோ நின்றார்கள்.

"இந்த சாரைப் பாருங்க" என்று மேடம் கமாவைத்தான் பிடித்துக்கொண்டார். "எவ்வளவு வேர்க்குது பாருங்க. ஒரு கஷ்டமும் படாம முன்னால வந்துட்டோமேன்னு குற்ற உணர்ச்சி. நல்ல அறிகுறிதான். சார், உங்க மேல தப்பில்ல, நீங்க பிறந்த இடம் அப்படி."

"ஆமாங்க மேடம்" என்றார் கமா, சுவரைப் பார்த்தபடி.

"மத்தியானம் எல்லாரும் வேன்ல ஒரு காலனிக்குப் போறோம். ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பைப்பு போட்டும் தண்ணி வராத காலனி."

கமாவின் அம்மா இருப்பது அங்கேதான்.

"மேடம், அதைவிட மோசமான காலனி ஒண்ணு இருக்கு" என்றார் அவசரமாக. "அங்க பைப்பே போடல. அங்க போகலாமே."

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"கேள்விப்பட்டேன்."

"இவ்வளவு அக்கறையா? அப்ப இன்னைக்குப் பேட்டி எடுக்கப் போறது நீங்கதான்."

சும்மா இருந்திருந்தால் கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருக்கலாம். கமா கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அம்மாவுக்குப் போன் போட்டார்.

"அம்மா, மத்தியானம் ஆபீஸ்ல இருந்து வேன்ல வர்றோம்."

"வாங்க. எத்தனை பேருக்குச் சமைக்கணும்?"

"சமைக்கவெல்லாம் வேணாம். என்னைத் தெரியாத மாதிரி இரும்மா."

அம்மா கேட்டாள்: "எவ்வளவு நேரத்துக்கு?"

"ஒரு மணி நேரம். செவுத்துல என் போட்டோ இருக்குல்ல, அதையும் கொஞ்சம்..."

"கழட்டிடறேன். அந்த எடத்துல வேற யாரையாவது மாட்டணுமா?"

கமாவுக்கு "ஆணியையும் பிடுங்கிடும்மா" என்றுதான் வாயில் வந்தது. பயம் வந்துவிட்டால் மனுஷனுக்குப் புத்தி அப்படித்தான் போகும்.

தார் ரோடு காலனி வாசலோடு நின்றுவிட, வேனும் நின்றது. சீஃப் மட்டும் இறங்கவில்லை. "முட்டி வலி. நீங்க பாத்துட்டு வாங்க" என்று தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு முன்சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். கமாவுக்கு அதில் பாதி உயிர் வந்தது.

அந்தப் பாதி உயிரும் தெருவுக்குள் நுழைந்ததும் போயிற்று. அம்மா ஒருத்தியிடம் சொன்னது ஊருக்கே தண்டோரா போட்டதாகியிருந்தது. அவரோடு ஒரே பெஞ்சில் படித்த எலக்ட்ரீஷியன் எதிரே வந்து கும்பிட்டான். "வாங்க சார். இந்தப் பக்கம் முதல் தடவைங்களா?" தெருவே அவரை முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பேட்டிக்கு ஆள் தயாராக நிற்கிறாள் என்று மேடம் நேராக அங்கேதான் போனார்.

கமா பேனாவைத் திறந்தார். "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"ஒரே பையன்."

"என்ன வேலை பாக்கறார்?" என்று மேடம் கேட்டார்.

"பேப்பர் ஆபீஸ்ல இல்லைங்க" என்றாள் அம்மா பளிச்சென்று.

கமா இருமினார். மேடம் விடவில்லை. "உங்களைப் பாக்க வருவாரா?"

"வருவான். வந்தாலும் நாங்க அவ்வளவா பேசிக்கறதில்ல."

"எழுதிக்கோங்க சார், இதுதான் முக்கியம்" என்றார் மேடம். கமா எழுதினார். அதில் ஒரு கமாகூட விழவில்லை.

அம்மா எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள். பாலத்தடியிலிருந்து சுமந்து வந்த தண்ணீர். எல்லோரும் குடித்தார்கள். வேனில் ஒருவர் இருக்கிறாரே என்று ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்மணி, ஒரு டம்ளர் எப்படிப் போதும் என்று குடத்தோடு பின்னாலேயே போனாள்.

அவர்கள் வருவதைப் பார்த்ததும் சீஃப் வேன் கண்ணாடியை ஏற்றினார். அம்மா தட்டினாள். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மா டம்ளரை நீட்டியபடியே நின்றாள்.

கமாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. ஞாயிறு இணைப்பு, பொறுப்பாசிரியர் நாற்காலி எல்லாம் மறந்துபோயிற்று. ஓடிப்போய்க் கண்ணாடியில் ஓங்கி அடித்தார்.

"கண்ணாடியை இறக்குங்க சார். இது எங்க அம்மா."

மேடம் ஓடிவந்தார். "சார், உணர்ச்சிவசப்படாதீங்க. அவங்க வலியை நீங்க எடுத்துப் போட்டுக்கக் கூடாது. காலையில இருந்து அதைத்தானே சொல்றேன்."

"இல்ல மேடம், நிஜமாவே எங்க அம்மா. நான் இந்தக் காலனிதான்."

"சுவர் வரைக்கும் போன ஆளு நீங்க. நடிக்காதீங்க சார், இவங்க மனசு கஷ்டப்படும்."

"அம்மா, நீயாவது சொல்லும்மா."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்த சாரை நான் பார்த்ததே இல்லைங்க" என்றாள் மேடத்திடம். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு மணி நேரம் இன்னும் ஆகலையேடா" என்றாள்.

கமா அழுதுவிட்டார். நடுத்தெருவில், ஆபீஸ் ஆட்கள் எல்லோர் முன்னாலும், சின்னப் பிள்ளை மாதிரி. "போதும்மா. இனிமே அப்படிச் சொல்லமாட்டேம்மா."

அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். மேடத்துக்கு அப்போதுதான் புரிந்தது. கமாவின் தோளில் கை வைத்தார். வெட்கமாகத்தான் இருந்தது கமாவுக்கு, ஆனால் உடம்பு லேசாகிவிட்டது. வேலை போனால் போகட்டும்.

வேன் கண்ணாடி மட்டும் இன்னும் இறங்கவில்லை.

"பாத்தீங்களா மேடம்" என்றார் கமா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "எங்க அம்மா கையால ஒரு வாய் தண்ணி வாங்கினா அவருக்குத் தீட்டு. இந்த ஆளுக்குப் போய் இத்தனை நாளா பயந்து செத்தேன்."

குடத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெண்மணி சங்கடமாகச் சொன்னாள்:

"அவனைத் திட்டாதே தம்பி. அவன் கண்ணாடியை ஏத்தினது உங்க அம்மாவைப் பாத்து இல்ல, பின்னால வந்த என்னைப் பாத்து. அவன் என் கூடப்பிறந்த அக்கா பெத்த பையன்."